நிமிர்த்தப்பட்ட உம்

எங்கள் பாட்டைத் திருத்திவிட்டதாக அந்தத் தயாரிப்பாளர் சொன்னபோது அவர் முகத்தில் உதவி செய்தவனின் புன்னகை இருந்தது. அந்தப் புன்னகையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கோபம் பேச்சாளனின் குரலைக் கிழித்துவிடும், அதை மேடைக்குக் கீழே செருப்போடு விட்டுவிட்டு வா என்று எனக்குப் பயிற்சியளித்தவர்கள் சொல்வார்கள். மேடைக்கு அது பொருந்தும். இங்கே மேடை இல்லை. ஆகையால் என் கோபத்தைச் செருப்போடு விட வேண்டிய தேவையும் இல்லை.

நான் திருவொற்றியூரில் பிறந்தவன். பள்ளியில் தொடங்கி இன்றுவரை பேச்சுப் போட்டிகளில் நின்று வென்றவன். எதிரணி எறிந்த சொல்லையே எடுத்து எதிரணியை வீழ்த்துவதில் நான் வல்லவன். அடக்கத்துக்காகக்கூட இதை மறுத்துச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. என்னோடு படித்த தோழி எண்ணூரை ஒட்டிய நெட்டுக்குப்பத்துப் பெண். நான் பேசிய மேடைகளிலெல்லாம் அவள் பாடினாள். எங்களுக்கு மூத்த நண்பன் ஒருவன் ராயபுரத்தில் இருக்கிறான். மாதா கோயில் பாடற்குழுவில் கிதார் பழகியவன். இப்போது துறைமுகத்தில் கன்டெய்னர்களைச் சரிபார்க்கும் வேலை. பாட்டு எங்கள் மூவருடையது என்றுதான் வெகுநாள் எண்ணியிருந்தோம். அது நான்காவதாக ஒருவருடையது என்பது அதைத் திருத்திய பிறகே எங்களுக்கு முழுதாக உறைத்தது.

விதையைப் போட்டவன் கிதார்க்காரன். ரயில் பாதையை ஒட்டிய அவன் வீட்டு மாடியறையில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து, கோயில் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவன் எங்களுக்கு ப்ளூஸ் என்றால் என்னவென்று சொன்னான். விற்கப்பட்டுக் கப்பலேற்றிக் கொண்டுபோன மனிதர்களின் சந்ததி பருத்திக் காட்டு வெயிலில் நின்று பாடியது அது. ஒருவர் ஒரு வரியை எறிவார். வயலின் மறுகோடியிலிருந்து இன்னொருவர் பதிலை எறிவார். பிறகு அவர்களில் பலர் ரயிலேறி ஆலை நகரங்களுக்குப் போனார்கள். இரும்பின் இரைச்சலுக்கு மேலே கேட்கவேண்டியிருந்ததால் கிதாருக்கு மின்சாரம் கொடுத்தார்கள். அடுத்து வந்தவர்கள் ஒலிபெருக்கியைத் தாங்கும் அளவுக்கு மேல் முறுக்கி, கிழிந்த ஓசையையே அழகென்று வைத்துக்கொண்டு, கனத்த டிரம்ஸைச் சேர்த்தார்கள். அதற்குப் பெயர் ப்ளூஸ் ராக்.

“நம்ம ஏரியா கதையேதான் மாமு,” என்றான். “ஊர்ல இருந்தவன் கம்பெனிக்கு வந்துகினான். கம்பெனி சத்தத்துல அவன் இன்னா சொல்றான்னே எவனுக்கும் கேக்கல.”

அதன் கட்டுமானத்தையும் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுக் காட்டினான். சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டுகள் மூன்றே, பன்னிரண்டு கட்டங்கள், கட்டத்துக்கு நான்கு தட்டு. முதல் நான்கு கட்டமும் தாய்க் கார்டில் நிற்கும். முதல் வரி அங்கே. அடுத்த நான்கில் இரண்டு கட்டம் நான்காம் சுரத்தின் கார்டுக்கு ஏறி, இரண்டு கட்டம் தாய்க்குத் திரும்பும். அங்கே வருவது அதே வரி, ஓர் எழுத்தும் மாறாமல். கடைசி நான்கில் ஐந்தாம் சுரத்தின் கார்டுவரை போய், படிப்படியாக இறங்கி வீடு சேரும். மூன்றாம் வரி அங்கே. முதல் இரண்டு வரியும் கேள்வியென்றால் மூன்றாவது அதற்குப் பதில். கூறியது கூறல் குற்றம் என்று படித்து வளர்ந்த எனக்கு அந்த இரண்டாவது வரி உறுத்தியது. எதற்காக ஒன்றையே இருமுறை சொல்லவேண்டும் என்று கேட்டேன்.

“ஒரு தபா சொன்னா எவன் நம்பறான்?” என்றாள் தோழி.

தாளமும் நேராக நடக்காது. ஒவ்வொரு தட்டையும் தகிட என்று மூன்றாகப் பிரித்து நடு எழுத்தை விழுங்கிவிட வேண்டும். மீன் நிறைந்த கூடையைத் தலையில் வைத்து மணலில் நடப்பவளின் நடை அது. ஒரு கால் அழுந்தும், ஒரு கால் அவசரப்படும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் உண்டு. பாடுகிறவரின் வரி தனக்குரிய நான்கு கட்டத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளலாம். மீதிப் பாதி காலி. அந்தக் காலியிடத்தில்தான் பதில் வரும்.

நான் சொல் எழுத ஒப்புக்கொண்டேன். ஆலைப் புகை கவிந்து ஆறழிந்த எண்ணூரின் அவலத்தை, மோனை குன்றாமல், எதுகை சிதையாமல், முதல் கட்டத்திலிருந்து நான்காம் கட்டத்தின் கடைசித் தட்டுவரை நிரப்பி எழுதிக்கொண்டு போனேன். தோழி பாடிப் பார்த்தாள். இரண்டாம் வரியில் மூச்சு முட்டி நின்றாள். கிதார்க்காரன் கிதாரைச் சுவரில் சாய்த்துவிட்டான்.

“நான் எப்ப வாசிக்கறது? மணி அடிச்சாதான் நீ வாய மூடுவியா?”

“இத்த எங்கம்மா கேட்டா, எந்தக் கட்சில யாரு செத்துப் பூட்டாங்கன்னு கேக்கும்,” என்றாள் தோழி.

சில நாள் நான் அந்த மாடிப்படி ஏறவில்லை. மீண்டும் போனபோது தோழி தானே மூன்று வரி எழுதி வைத்திருந்தாள்.

ஆத்துல கைய வுட்டா அடுப்புச் சாம்பல் கீது,
ஆத்துல கைய வுட்டா அடுப்புச் சாம்பல் கீது,
எவன் வூட்டு அடுப்பு இது, எங்க வூட்ல ஒல ஏறல.

வரியின் வலிமை எனக்கு விளங்காமலில்லை. ஆனாலும் எதிர்த்தேன். இந்தப் பேச்சைப் பாட்டில் வைத்தால் சிரிப்பார்கள் என்றேன். நான் அறிந்தது அது. முதன்முதலாக ஒலிவாங்கிக்கு முன் நின்றபோது ‘கீது’ என்று ஒருமுறை நாக்கு தவறிவிட்டது. அரங்கம் சிரித்தது, நடுவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். திரைப்படத்தில் அந்தச் சொல் ஒரு கோமாளியின் வாயிலோ ஒரு ரவுடியின் வாயிலோதான் வரும் என்று அவர்களுக்குப் பழக்கப்படுத்தி வைத்திருந்தார்கள். அதன்பின் பயிற்சி ஆசிரியர் என் வாயைப் பிடித்து நிமிர்த்தினார். கோப்பைகள் வந்தன. இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தத் தமிழ் அப்படி வந்ததுதான். இதில் எனக்குப் பெருமை உண்டு. இதைச் சம்பாதிக்க எதைக் கொடுத்தேன் என்பதில் எரிச்சலும் உண்டு. இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறேன்.

அவள் வரிகளே நின்றன. காலியிடம் மட்டும் சரியாக அமையவில்லை. கிதார் சொன்ன பதில் அழகாக இருந்தது. ஆனால் வேறு ஊரிலிருந்து வந்த பதிலாக இருந்தது. அப்போதுதான் தோழி தன் தாய் கொடுக்கும் ‘உம்’ பற்றிச் சொன்னாள்.

அவள் தாய் முகத்துவாரத்தை ஒட்டிய ஆற்றில் கையால் இறால் பிடிப்பவர். பெண்கள் வரிசையாக இறங்குவார்கள். பனையோலையில் முடைந்த பறி என்னும் கூடையின் விளிம்பைப் பல்லால் கவ்வியபடி, கழுத்தளவு தண்ணீரில் குந்தி நகர்வார்கள். இரண்டு கையும் அடிச் சேற்றைத் துழாவும்; அகப்பட்டது பறிக்குள் போகும். வாய் பறியைக் கவ்வியிருக்கும்போது பேசமுடியாது. அதனால் மூக்கால் முனகி உம் கொடுப்பார்கள். இறால் இருக்கும் இடம் தட்டுப்பட்டால் உம் நேராக, ஒரே உயரத்தில் நீளும். இங்கே இருக்கிறது, வா என்று பொருள். இல்லாத இடம், கால் புதையும் இடம் என்றால் அந்த உம் தொடங்கிய உயரத்திலிருந்து சரிந்து, ஓரிடத்தில் தொங்கி நிற்கும். இங்கே வராதே என்று பொருள். மின்நிலையச் சாம்பல் வந்து ஆற்றின் அடியில் படியத் தொடங்கிய பிறகு, நேரான உம்மைக் கேட்பது அரிதாகிவிட்டது. இப்போது ஆற்றில் கேட்பதெல்லாம் பெரும்பாலும் சரிந்த உம்தான். ஒருத்தி கொடுப்பாள், அடுத்தவள் திசை மாறி நகர்ந்து அவளும் கொடுப்பாள், வரிசை நெடுகிலும் அது போகும்.

தாயை மாடியறைக்கு அழைத்துவந்தோம். படி ஏறியதற்கு எங்களைத் திட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். சும்மா கொடுக்கச் சொன்னால் வரவில்லை. வாயில் ஏதாவது வேண்டுமென்றார். முந்தானை நுனியைச் சுருட்டிப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துக்கொண்டு, கண்ணை எங்கோ தூரத்தில் நிறுத்தி, கொடுத்தார்.

கிதார்க்காரன் அந்த உம்மைத் தந்தியில் தேடினான். சாதாரண காந்தாரத்தில் வைத்தான். அதற்கு மேலே இருந்தது. அந்தர காந்தாரத்தில் வைத்தான். அதற்குக் கீழே இருந்தது. பிறகு சாதாரண காந்தாரத்திலேயே தந்தியை விரலால் அழுத்தி மேல்நோக்கித் தள்ளி வளைத்தான். வளைவின் பாதியில், இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவே, ஹார்மோனியத்தில் கட்டையே இல்லாத இடத்தில், அது இருந்தது. ப்ளூஸ் பாடியவர்கள் காலங்காலமாகப் போய் நின்ற இடமும் அதுதான் என்று அவன் சொன்னான்.

“ஆன்ட்டி, இன்னொரு தபா குடு.”

“இன்னாடா, காசு குடுத்து வெச்சா மாதிரி கேக்கற,” என்றார். ஆனாலும் கொடுத்தார்.

பாட்டு அன்றைக்குத்தான் பாட்டாயிற்று. மகள் ஒரு வரி பாடுவாள். காலியிடத்தில் தாயின் உம் சரியும். அது தொங்கி நிற்கும் இடத்தில் கிதார் தந்தியை வளைத்து அதைத் தாங்கிப் பிடிக்கும். பன்னிரண்டு கட்டத்தில் மூன்று முறை. கேட்டுக்கொண்டிருக்கும் எவரும், சொல் விளங்காவிட்டாலும், இங்கே வராதே என்பதை விளங்கிக்கொள்வார்கள் என்று நான் நம்பினேன்.

ஒத்திகையைத் தோழி கைப்பேசியில் எடுத்து ஒரு நண்பருக்கு அனுப்ப, அது கைமாறிப் போய், இணையத்தில் பாட்டு நிகழ்ச்சி நடத்தும் தயாரிப்பாளர் ஒருவரை எட்டியது. நகரத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு பாட்டை எடுத்து வெளியிடுவது அவர் திட்டம். எங்கள் மூலைக்கு எங்கள் பாட்டு. நகரின் தெற்கே இருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் தாயும் வந்தார், நல்ல சேலை உடுத்தி. தன்னோடு ஆற்றில் இறங்கும் பெண்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தார். குளிரூட்டிய அறையில் நடுங்கிக்கொண்டே முந்தானையைக் கடித்து அவர் கொடுத்த உம்மைக் கேட்டு அங்கே வேலை செய்தவர்கள் கை தட்டினார்கள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். கை தட்டிய அதே கைகள்தான் பிறகு அதைத் திருத்தின.

முடித்த பாட்டைக் கேட்கத் தயாரிப்பாளர் எங்கள் மூவரையும் அழைத்தார். பெரிய ஒலிபெருக்கிகள். டிரம்ஸ் நெஞ்சில் இடித்தது. தோழி முதல் வரியைப் பாடினாள். இவ்வளவு தெளிவாக அவள் குரலை நான் கேட்டதில்லை. பிறகு காலியிடம். அங்கே தாயின் உம் எழுந்தது. எழுந்து, நேராக, வழவழவென்று, ஒரே உயரத்தில் நீண்டது.

தோழி என்னைப் பார்த்தாள். இரண்டாம் வரி, மீண்டும் நேரான உம். எவன் வூட்டு அடுப்பு இது, எங்க வூட்ல ஒல ஏறல. அதற்கும் நேரான உம். சாம்பலைப் பற்றி மகள் பாடப் பாட, தாய் ஒவ்வொரு முறையும் இங்கே இருக்கிறது, வா, வா என்று அழைத்துக்கொண்டிருந்தார்.

“ஹம்மிங்ல பிட்ச் தொங்கிட்டே இருந்துச்சு ப்ரோ,” என்றார் தயாரிப்பாளர், அந்தப் புன்னகையோடு. “எல்லா இடத்துலயும். பாவம், பழக்கம் இல்லாதவங்க. ட்யூன் பண்ணி சரி பண்ணிட்டோம். இப்ப எவ்ளோ நீட்டா இருக்கு பாருங்க.”

“அது தெரியாம தொங்கல,” என்றாள் தோழி. “தொங்கணும். அதான் அது.”

“என் கிதார் அங்க பல்லக் கடிக்குது, கேக்கலையா சார்?” என்றான் நண்பன்.

“கேட்டுச்சு. அதையும் லைட்டா நேராக்கிடலாம்.”

நான் எழுந்தேன். நின்றுகொண்டு பேசுவதுதான் எனக்கு வரும். பறியைச் சொன்னேன், பல்லைச் சொன்னேன், வரிசையைச் சொன்னேன். நேரான உம்முக்கு என்ன பொருள், சரிந்த உம்முக்கு என்ன பொருள் என்று பிரித்து வைத்தேன். பசித்தவன் வாயில் சொல்லைத் திணித்து தான் உண்டதாக அவனைச் சாட்சி சொல்ல வைக்கிறீர்கள் என்றேன். ஒரு பெண்ணின் எச்சரிக்கையை அழைப்பாக்கி ஊருக்கு விற்கப்போகிறீர்கள் என்றேன். என் வாழ்நாளில் அதைவிடச் சிறப்பாக நான் பேசியதில்லை.

அவர் கண் கலங்கக் கேட்டார். கேட்டு முடித்து, “செம,” என்றார். “இத அப்படியே வீடியோ தொடக்கத்துல நீங்க பேசிடுங்க. உங்க தமிழ் ரொம்ப க்ளீனா இருக்கு.”

“பேசுகிறேன். உம் பழையபடி இருக்குமா?”

“அது வேற ப்ரோ. கேக்கறவங்க காது பழகியிருக்கு. கொஞ்சம் விலகினாலும் ரெக்கார்டிங் தப்புன்னுதான் கமென்ட் வரும், எங்க பேர்தான் கெடும். இந்த வெர்ஷன்னா வெளியிடறோம். இல்லன்னா விட்டுடுவோம். அம்மாகிட்டயும் கேளுங்க, அவங்க குரல்தானே.”

என்னை எரித்தது அவர் மறுத்தது அல்ல. மறுப்புகள் எனக்குப் பழக்கம். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவர் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டு, அதைப் பொய்க்கு முன்னுரையாக வைத்துக்கொள்ளலாம் என்றார். எதிர்க்கிறவனோடு வாதாடலாம். ரசிக்கிறவனோடு எப்படி வாதாடுவது என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

எண்ணூர் ரயிலில் திரும்பும்போது தாயிடம் சொல்லவே வேண்டாம் என்றாள் தோழி. பாட்டு எடுபடவில்லை, விட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். நான் ஒப்பவில்லை. அவர் குரல், அவர் தீர்ப்பு என்றேன். தீர்ப்பு எங்கள் பக்கம்தான் வரும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அவரைவிட யாருக்கு அதிகம் எரியும் என்று நினைத்தேன்.

நெட்டுக்குப்பத்து வீட்டு வாசலில் தாய் குந்தி, விரலிடுக்குச் சாம்பலைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் அனுப்பிய பாட்டைத் தோழி கைப்பேசியில் போட்டாள். தேய்ப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார். முகம் மலர்ந்தது.

“நான்தானா இது? ரேடியோல வர்றா மாதிரி கீது.”

“அது நீ குடுத்தா மாதிரி இல்லம்மா,” என்றாள் தோழி. “மெஷின்ல போட்டு நிமித்திட்டான். வா, வான்னு கூப்புடறா மாதிரி கீது.”

“தெர்து. காது கீதுல்ல எனக்கு.” மீண்டும் தேய்க்கத் தொடங்கினார். “போட்டா போட்டுக்கினு போறான்.”

நான் அதிர்ந்துபோனேன். அம்மா, அவர்கள் உங்கள் குரலைத் திரித்து, உங்கள் துன்பத்தை மறைத்து, என்று தொடங்கினேன்.

“டேய் நைனா, குந்து மொதல்ல. மேடையிலயா நிக்கிற?” குந்தினேன். “இம்மா நாளு தண்ணில குந்திகினு உம் குடுக்கறனே, கரைல நிக்கறவன் எவனாவது திரும்பிப் பாத்தானா? இப்ப ஊரே கேக்கும்ன்றான். நேரா கீதா, கோணலா கீதான்னு எவனுக்குத் தெரியப்போவுது? உனக்குத் தெர்யுமா, இவ சொல்றதுக்கு மின்னாடி?”

தெரியாது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் என் கோபத்தை இரண்டு மடங்காக்கியது. எவருக்கும் கேட்காமல் இருப்பதா, பொய்யாகக் கேட்கப்படுவதா என்று இந்த இரண்டில் ஒன்றைப் பொறுக்கச் சொல்லி ஒரு பெண்ணை நிறுத்தும் உலகம் எவ்வளவு கேடுகெட்டது. அந்தத் தேர்வை அவர் முன் கொண்டுவந்து வைத்த கை, தீர்ப்பு கேட்ட என் கை.

அடுத்த வீட்டுப் பெண் வந்து சுவரோரம் நின்றாள். அவளும் ஆற்றில் இறங்குபவள். வரிசையில் தாய்க்கு அடுத்த இடம் அவளுடையது. “இன்னாக்கா, பாட்டு வந்துகிச்சா? போடு, கேப்போம்.”

தோழி மறுபடி போட்டாள். அந்தப் பெண் முதல் உம்மைக் கேட்டதும் சிரித்தாள்.

“எங்கக்கா கீது அந்த எடம்? என்னிய மட்டும் வுட்டுட்டு எறாவ இஸ்துகினு வந்துட்டியா?”

வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் தாயின் கையிலிருந்த நார் நின்றுவிட்டது. இறால் இல்லாத இடத்தில் நின்று நேரான உம் கொடுப்பதை ஆற்றில் எவரும் செய்வதில்லை. நம்பி வருபவளின் கால் சாம்பலில் புதையும். துழாவும் கை சிப்பியில் அறுபடும். அப்படிக் கொடுத்தவளை அந்த வரிசையில் மறுபடி சேர்க்கமாட்டார்கள். இது தோழி எனக்குப் பிறகு சொன்னது. அந்த நேரத்தில் நான் கண்டதெல்லாம், தாய் அடுத்த வீட்டுப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே பழுத்து ஆறிக்கொண்டிருந்த ஒரு வெட்டுக்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

“நிறுத்துடி அத்த,” என்றார்.

தோழி நிறுத்தினாள்.

“இவளுக்கே இப்டி கேக்குதுன்னா, மத்ததுங்களுக்கும் அப்டிதான கேக்கும்.” எவரையும் பார்க்காமல் சொன்னார். “வேணான்னு சொல்லிடு. அவன் மெஷினு ஆத்துல எறங்காது. நான் எறங்கணும்.”

“அம்மா, எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சியே,” என்றாள் தோழி.

“சொல்லிகினா? சிரிப்பாளுங்க. சிரிச்சிட்டுப் போவட்டும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “உன்னாலதாண்டா கய்தே. என்னிய கேக்காம வுட்டிருந்தா ஒரு பேஜாரும் இல்ல.”

எங்கள் மறுப்பைத் தோழி இரண்டு வரியில் அனுப்பினாள். தயாரிப்பாளரிடமிருந்து கட்டைவிரல் உயர்த்திய ஒரு படம் மட்டும் வந்தது. எங்கள் மூலைக்கு வேறொரு பாட்டு போனது. அதில் கடல் இருக்கிறது, படகு இருக்கிறது, மீனவன் வேடத்தில் ஒருவன் ஆடுகிறான். எண்ணூர் என்று எழுத்து வருகிறது. சாம்பல் இல்லை.

பெண்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். ஸ்டார் வந்துகினு கீறாங்க, வழி வுடுங்க என்று ஆற்றங்கரையில் தாயைக் கேலி செய்ததாகத் தோழி சொன்னாள். அவர் வாங்கிக்கட்டிக்கொண்டு பறியைக் கவ்வி இறங்கிவிடுவாராம். பாட்டைப் பற்றி எங்களோடு பேச அவருக்கு வெகுநாள் மனம் வரவில்லை. கிதார்க்காரன்தான் விடாமல் போய்க் கேட்டு, வேண்டாமென்று சொன்னால் வாசலிலேயே குந்தி, கடைசியில் மாடியறைக்கு அழைத்துவந்தான்.

கைப்பேசியை ஜன்னலில் சாய்த்து வைத்துப் பதிந்தோம். மூன்றாம் வரிக்கு நடுவே சரக்கு ரயில் போகும் ஓசை புகுந்துவிட்டது, அதை நீக்கவில்லை. தாய் முந்தானையைக் கடித்துக்கொண்டு, நல்ல கோபத்தில் இருந்தார். உம் அதற்கு முன் எப்போதும் சரியாத அளவுக்குச் சரிந்தது. கிதார்க்காரனின் விரல் அதைத் துரத்திக்கொண்டு தந்தியை வளைத்தது. இணையத்தில் எங்கள் பெயரிலேயே ஏற்றினோம்.

கேட்டவர்கள் மிகச் சிலர். பாதிப்பேர் எங்கள் உறவினர். நெட்டுக்குப்பத்தில் கைப்பேசி கைமாறிக் கேட்கப்பட்டதாகவும், அந்த அடுத்த வீட்டுப் பெண், ஆங், இதான் எங்க அக்கா என்று சொன்னதாகவும் தோழி வழியாகத் தெரிந்தது. முன்பின் அறியாத ஒருவர் மட்டும் கீழே கருத்து எழுதியிருந்தார்: பாட்டு ஓகே ப்ரோ, அந்த ஹம்மிங் ஸ்ருதி சேரல, ஆப் வெச்சு சரி பண்ணிடுங்க.

நான் பதில் எழுதத் தொடங்கினேன். பருத்திக் காட்டிலிருந்து தொடங்கினேன். காந்தாரங்கள் இரண்டையும் விளக்கினேன். காது என்பது பழக்கத்தின் அடிமை என்று நிறுவினேன். யாருடைய அடுப்பு எரிய யாருடைய ஆறு சாம்பலாகிறது என்று கேட்டேன். மேடையில் நின்று பேசியிருந்தால் கைதட்டல் வாங்கித் தரக்கூடிய பதில் அது. தோழி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தாள்.

“மறுபடி காலி எடத்த ரொப்பிட்ட,” என்றாள்.

கைதட்டியவர்களை நினைத்தேன். கண் கலங்கக் கேட்டவரை நினைத்தேன். எழுதியதை முழுவதும் அழித்தேன். பிறகு, அதே கோபத்தோடு, நான் வளர்ந்த பேச்சிலேயே எழுதி அனுப்பினேன்: சரியாத்தான் கீது. அங்க எறா இல்ல.